டகோட்டா ஏன் உறைந்து நிற்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய விமானங்கள் பற்றிய கட்டுரையோடு வந்த டகோட்டா (இரட்டை எஞ்சின் கொண்ட பழைய புரொப்பெல்லர் விமானம்) படத்தில், பறக்கும் விமானத்தின் இரண்டு புரொப்பெல்லர்களும் அசையாமல் நிற்கின்றன. எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று தோன்றும்! காரணம் ஷட்டர் வேகம்தான், அதாவது கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. டகோட்டாவில் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே 16:9 விகிதத்தில் பல்சக்கரம் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் புரொப்பெல்லர் 1,125 சுற்றுதான். 1/1000 நொடியில் பிளேடு 7 டிகிரிகூட நகராது. 1/125 நொடியில் 54 டிகிரி நகரும். மூன்று பிளேடு என்பதால் அவை நகரும் தடமே வட்டத்தில் ஏறக்குறைய பாதியை நிறைத்துவிடும்; புரொப்பெல்லர் சுழல்வது படத்தில் தெரியும்.

ஆனால் 1/125இல் கை கொஞ்சம் தடுமாறினாலும் விமானமே கலங்கிவிடும். விமானம் போகும் திசையிலேயே இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, காக்பிட்டை ஃபோகஸ் புள்ளியிலேயே பிடித்துக்கொண்டு, பட்டனை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. முதலில் 1/320இல் நாலைந்து படங்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு பிறகு வேகத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டவே வேண்டாம்; சென்சார் வரிவரியாகப் படிப்பதால் பிளேடு அரிவாள் மாதிரி வளைந்து விழும். வெளுத்த வானம் பின்னணியானால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரு மடங்கு) கூட்டுங்கள், இல்லாவிட்டால் விமானத்தின் வயிறு கறுத்துவிடும். புரொப்பெல்லர் இல்லாத ஜெட் விமானங்களுக்கு மட்டும் 1/1000க்கு மேல் தாராளமாகப் போகலாம்.

இப்படிக்கு,
விமானப் படக்கலை ஆர்வலர் ஒருவர்