ஐந்தாவது மாடியில் ஒரு நாய்

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாய் தத்தெடுக்கும் படிவத்தை அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். ஆதார், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம், பால்கனி போட்டோ, கருத்தடைக்குச் சம்மதமா, வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்... உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை என்று அம்மா சிரிக்கிறாள். எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டது. காரில் கொண்டுவந்து மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போன நாய்களை நிறையப் பார்த்தவன் நான்.

அடுக்குமாடியில் வளர்த்தால் பாவமா என்று கேட்டிருந்தாய். நம் மணியை நினைத்துப் பார். பின்னால் ஒன்றரை ஏக்கர் தேயிலை. பகலெல்லாம் எங்கே கிடந்தான்? சமையலறை வாசலில், நாலாக மடித்த இலைச் சாக்கின்மேல், முதுகை அடுப்புப் பக்கம் கொடுத்துக்கொண்டு. நான் செருப்பை மாட்டினால்தான் காது நிமிரும். தனியாகத் தோட்டத்துக்குள் போனதே இல்லை.

அவனுக்கு முன்னால் இருந்த கருப்பனை உனக்கு நினைவிருக்காது. இடம்தான் தாராளமாக இருக்கிறதே என்று ராத்திரி வெளியே கட்டிப்போட்டேன். காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. கழுத்துப்பட்டை தேயிலைச் செடிக்குள் கிடைத்தது. சிறுத்தை. அவிழ்த்து விட்டிருந்தால் ஓடித் தப்பியிருப்பானோ என்னவோ. மணி வீட்டுக்குள் படுத்தது அதனால்தான்.

அதனால் உன் வீட்டுச் சதுர அடி எனக்குக் கவலை இல்லை. படிவத்தில் நீ நிரப்பாமல் விட்டிருக்கிறாயே ஒரு கட்டம், அதுதான் கவலை: நாய் தனியாக எத்தனை மணி நேரம் இருக்கும்? எட்டரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருகிறாய். பதினொன்றரை மணி நேரம் ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு அது கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியானம் கூட்டிப்போக ஆள் வைப்பாயா, வீட்டிலிருந்து வேலை கேட்பாயா? முதலில் அதை முடிவு செய்.

இங்கே பக்கத்து வீட்டுச் சடைநாய்க் குட்டியைக் கேட்காதே, வாங்கித் தர மாட்டேன். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சென்னை மே மாதத்தை அது தாங்காது. அங்கேயே பிறந்த நாட்டு நாய், இரண்டு மூன்று வயசானதாகப் பார். குட்டி என்றால் நாள் முழுக்க ஆள் வேண்டும்.

லிஃப்டில் நாய் ஏறக்கூடாது என்கிறார்களாமே உங்கள் சங்கத்தார்? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. அதற்காகச் சண்டைக்குப் போகாதே. கையில் எப்போதும் ஒரு பழைய பேப்பர் இருக்கட்டும், பீயை நீயே அள்ளிப் போடு. பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மாநகராட்சி உரிமம் வாங்கு. வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம், மறக்கக் கூடாது.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்கள் பார், அங்கே என் நம்பரைப் போடு. பொங்கலுக்கு வரும்போது அதையும் கூட்டி வா. ராத்திரி உள்ளேதான் படுக்க வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா