பாடலோடு பெயர்களையும் தாருங்கள்

தமிழ்த் திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும், அவற்றைக் கைப்பேசிச் செயலிகள் வழியே வழங்கிவரும் நிறுவனங்களுக்கும் ஒரு ரசிகனின் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுவது என் தொழில். சிறு வயது முதல் இன்று வரை திரைப்பாடல் கேட்காமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. உங்கள் செயலிகளில் இரண்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டிவரும் எனக்கு உங்களிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாடலையும் எழுதியவர், பாடியவர், கருவி இசைத்தவர் ஆகியோரின் பெயர்களையும், அந்தப் படம் வெளிவந்த ஆண்டையும் பாடலோடு சேர்த்துக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என் அக்கா எழுதியது. (அப்போது எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான்.) மாலை நேரத்தில் இலங்கை வானொலி எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓரளவு தெளிவாகக் கிடைக்கும். அதன் அறிவிப்பாளர்கள் பாடலை ஒலிபரப்புவதற்கு முன்னரோ பின்னரோ படத்தின் பெயர், இயற்றிய கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, நான்கு கட்டமாகக் கோடு போட்ட பக்கத்தில் அவற்றை எழுதிக்கொள்வார். இரைச்சலில் ஒரு பெயர் காதில் விழாமல் போனால் அந்தக் கட்டத்தில் சிறு கோடு ஒன்றை இழுத்துவிட்டு, அதே பாடல் மறுபடியும் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து நிரப்புவார். பாட்டைக் கேட்பது என்றால் யாருடைய பாட்டு என்று தெரிந்து கேட்பது என்பதை நான் அந்த நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அதில் 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' என்ற பாடலுக்கு எதிரே வைரமுத்து என்றும், 'மடை திறந்து' பாடலுக்கு எதிரே வாலி என்றும், 'பூங்கதவே தாள் திறவாய்' பாடலுக்கு எதிரே கங்கை அமரன் என்றும் எழுதியிருக்கிறது. ஒரே படம், ஒரே இசையமைப்பாளர் இளையராஜா, ஆனால் மூன்று பாட்டுக்கு மூன்று கவிஞர்கள். வைரமுத்துவுக்கோ 'பொன்மாலைப் பொழுது'தான் முதல் திரைப்பாடல். 'பூங்கதவே' பாடலைப் பாடிய தீபன் சக்கரவர்த்தி, உமா ரமணன் ஆகிய இரு பெயர்களும் அந்தப் பக்கத்தில்தான் எனக்கு முதன்முதலாக அறிமுகமாயின. இன்று அதே பாடல்களை உங்கள் செயலிகளில் தேடினால் இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வருகிறது. சில இடங்களில் பாடியவர் பெயரும் வருகிறது. எழுதியவரைத் தேடி மூன்று புள்ளியைத் தொட்டு, உள்ளே ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தால், பல பாடல்களில் அங்கும் ஒன்றுமில்லை. அக்கா இழுத்த அந்தச் சிறு கோடு இப்போது எல்லாக் கட்டங்களிலும் விழுந்து கிடப்பதைப் போலிருக்கிறது.

'மடை திறந்து' பாடலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாடல் காட்சியில் டிரம்ஸ் வாசிப்பவராக ஒருவர் வருவார். நடிக்க வந்தவர் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அவர் இளையராஜாவின் இசைக்குழுவில் உண்மையாகவே டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் என்பது எனக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகே தெரியவந்தது. என் இளமைக் காலம் முழுவதும் எத்தனையோ பாடல்களின் தாளத்தில் அவருடைய கைகளைக் கேட்டிருக்கிறேன், திரையில் முகத்தையும் பார்த்திருக்கிறேன், பெயர் மட்டும் எனக்கு வந்து சேரவில்லை. அவர் 2020-இல் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த இரவு அவர் வாசித்த பாடல்களை வரிசையாகக் கேட்க விரும்பி உங்கள் செயலியில் அவர் பெயரை இட்டுத் தேடினேன். ஒரு பாடல்கூட வரவில்லை. இந்த மடலை எழுதும் எண்ணம் அன்று தோன்றியதுதான்.

கருவி இசைத்தவர்களின் பெயர்களைச் சொல்வது நடைமுறைக்கு ஆகாது என்று நீங்கள் கருதலாம். 1990-களில் ஏ.ஆர். ரகுமான் இசையில் வந்த ஒலிநாடாக்களின் அட்டையில் அந்தப் பெயர்கள் அச்சாகி வந்தன. உள்ளங்கை அகல அட்டையில் கண்ணை இடுக்கிப் படிக்கும் அளவுக்குப் பொடி எழுத்தில் அவ்வளவு பேருக்கும் இடம் கிடைத்தது. 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் கருவியிசையில் குழல் ஊதியவர் நவீன் என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நின்றபடி நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த அட்டையில் கிடைத்த இடம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் நீளக்கூடிய கைப்பேசித் திரையில் கிடைக்காமல் போவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு ஏன் தேவை என்பதற்கு என் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவள் ஓசூரில் வேலை செய்கிறாள். அங்கே தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். ஒரு நாள் அவள் 'விழியிலே மணி விழியில்' பாடலை ஓடவிட்டபோது, உடன் வேலை செய்யும் கன்னடத் தோழி இது எங்கள் பாட்டு என்றிருக்கிறாள். இல்லை, எங்கள் பாட்டு என்று இவள் சொல்ல, இருவரும் செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடல் ஏதோ ஒரு தொகுப்பின் கீழ், அந்தத் தொகுப்பு வெளியான 2000-க்குப் பிந்தைய ஆண்டோடு இருந்திருக்கிறது. இரவு என்னிடம் கேட்டாள். 1981-இல் கன்னடத்தில் 'கீதா' படத்துக்காக இளையராஜா அமைத்த மெட்டு அது. 1984-இல் 'நூறாவது நாள்' படத்தில் தமிழுக்கு வந்தது. இரண்டையும் பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும்தான் என்று சொன்னேன். மறுநாள் அவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டார்களாம். ஒரு மெட்டு எல்லை தாண்டி வந்த கதையை எங்களைப் போன்ற எல்லை மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகளும் நான்கு பெயர்களும் போதும்.

கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். அவர் கடைசியாக எழுதிய 'கண்ணே கலைமானே' பாடலைத் தாங்கி 'மூன்றாம் பிறை' 1982-இல் வெளிவந்தது. பாடலுக்கு அருகே கவிஞர் பெயரும் சரியான ஆண்டும் இருந்தால், இருபது வயதுப் பிள்ளை ஒருவர் அதை வேறு மனத்தோடு கேட்பார். நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'ஆனந்த யாழை' பாடலிலும் எழுதியவர் பெயரைப் பட்டியலுக்குள் போய்த் தோண்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பாட்டில் நாங்கள் மனப்பாடம் செய்தது அவருடைய சொற்களை அல்லவா?

சட்டமும் இதற்கு அயலானதன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கோரும் உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, தம்மை இன்னார் என்று அடையாளப்படுத்தக் கோரும் உரிமையைப் பாடுபவர், கருவி இசைப்பவர் போன்ற நிகழ்த்துகலைஞருக்கும் தருகிறது. ஒலிப்பதிவுகளில் எவையெல்லாம் குறிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் 52ஏ பிரிவு, தயாரித்தவரின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் முதன்முதலில் வெளியான ஆண்டையும் கேட்கிறது. அதன்படி உங்கள் நிறுவனத்தின் பெயர் ஒவ்வொரு பாடலின் அடியிலும் தவறாமல் வருகிறது. அதே அக்கறையைக் கவிஞருக்கும் காட்டுங்கள் என்கிறேன். உரிமத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்குண்டு என்று அதே 2012 திருத்தம் உறுதி செய்திருப்பதால், எந்தப் பாட்டு எவருடையது என்ற கணக்கு உங்கள் துறையில் இருந்தாக வேண்டும். நானும் கணக்கு எழுதுகிறவன்தான். பேரேட்டில் இருக்கும் ஒரு பெயரை ரசீதிலும் போடுவது பெரிய வேலையன்று.

கருவிக் கலைஞர்களின் பெயர்களைத் திரட்டத்தான் உழைப்பு தேவைப்படும், அதற்குக் காலமும் குறைவு. 1970-களிலும் 80-களிலும் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் எவர் வாசித்தார் என்பதை அவர்களால் இன்று கேட்டவுடன் சொல்ல முடியும். அவர்களை உட்காரவைத்து, பாடல்களைப் போட்டுக் காட்டி, சொல்வதைப் பதிந்துவையுங்கள். குழல் வாசித்த நெப்போலியனே அருண்மொழி என்ற பெயரில் பாடிய பாடகர் என்பது போன்ற செய்திகள் அவர்கள் நினைவில் எத்தனையோ இருக்கும்.

படங்களை இணையத்தில் வழங்குவோரும் இதைப் படிப்பார்களானால், இறுதிப் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அதைச் சுருக்கி மூலைக்குத் தள்ளி அடுத்த படத்தைக் காட்டுவதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிழைகளைத் திருத்த எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வழி திறந்துவையுங்கள். இப்போது தவறைச் சுட்டி எழுதினால் தானியங்கிப் பதில் ஒன்றுதான் வருகிறது. பெயர்களைத் தமிழ் எழுத்திலும் கொடுங்கள். அக்காவின் நோட்டில் 600-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். அவற்றில் முப்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள் இன்னும் கோடாகவே நிற்கின்றன. அவற்றை நிரப்பும் பெயர்கள் உங்களிடம் இருக்கலாம். இருந்தால் எங்களுக்குத் தாருங்கள். அக்காவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயதாகிறது. பேனாவை எடுத்து அவரே எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரரும் ரசிகனுமான ஒருவன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.