வேட்டை ஓவியங்களின் பழைய நகல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐரோப்பிய வேட்டை ஓவியங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையில், புகைப்படக்கலை வந்தவுடனேயே அவை உள்ளது உள்ளபடி நகலெடுக்கப்பட்டு வீடுதோறும் சென்றன என்று எழுதப்பட்டிருந்தது. நகல்கள் பரவியது உண்மை. ‘உள்ளது உள்ளபடி’ என்பதைத்தான் ஏற்பதற்கில்லை.

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் என்னும் புகைப்பட முறையில் தயாரான கண்ணாடித் தகடுகளில் நீலமும் ஊதாவும் நன்கு பதிந்தன. சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறையப் பதியவே இல்லை. வேட்டைக் காட்சிக்கோ இந்த நிறங்கள்தாம் உயிர். நரிவேட்டைக்காரரின் சிவப்பு மேலங்கி, மானின் செம்பழுப்புத் தோல், நாயின் மஞ்சள் திட்டுகள் யாவும் ஒரே கருமையில் அமுங்கிவிட, ஓவியர் நுணுகித் தீட்டிய நீல மலைமூட்டம் வெறும் வெள்ளையாக வெளிறிப்போகும்.

ஓவியத்தைப் பார்த்து, அச்சிடுவதற்காக உலோகத் தகட்டில் செதுக்கும் கலைஞருக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த நிறத்துக்கு எவ்வளவு கருமை தகும் என்று தம் கண்ணால் தீர்மானித்தே அவர் கோடிழுத்தார். ஆங்கில ஓவியர் எட்வின் லாண்ட்சீரின் விலங்கு ஓவியங்கள் பலவற்றை அவருடைய அண்ணன் தாமஸ் அவ்வாறு செதுக்கினார். பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனரின் ‘குதிரைச் சந்தை’ ஓவியத்தைச் செதுக்கியவரும் அவரே. புகைப்படக்காரர்கள் செய்த தந்திரம் என்னவென்றால், ஓவியத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே கறுப்பு வெள்ளையாக இருந்த இந்த அச்சுப்படத்தைப் படமெடுத்துச் சிறிதாக்கி மலிவாக விற்றதுதான். ‘குதிரைச் சந்தை’ அச்சுப்படத்தின் உரிமையாளரான எர்னஸ்ட் காம்பார் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். செதுக்காமல் ஒளியால் எடுத்த நகலும் செதுக்குப்பட உரிமையை மீறுவதே என்று லண்டன் நீதிமன்றம் 1863-இல் தீர்ப்பளித்தது. அக்காலத்து விலங்கு ஓவியப் ‘புகைப்படங்கள்’ பலவும் நகலின் நகல்களே என்று நான் கருதுவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

ஒளியுணர் பூச்சில் சாயம் சேர்த்தால் பிற நிறங்களும் பதியும் என்பதை ஜெர்மானியர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல் கண்டறிந்தது 1873-இல்தான். சிவப்பு சரியாகப் பதிவதற்கு அதன் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று.

கட்டுரையுடன் தாங்கள் வெளியிட்ட மான் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, தோல் முழுவதும் செதுக்குளியின் கோடுகளே தெரிந்தன. படக்குறிப்போ அதை ஓவியம் என்கிறது. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, ஓவியத்திலிருந்து எடுத்ததா, அச்சுப்படத்திலிருந்து எடுத்ததா என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.