மார்கழிப் பனி: தெருவாசிகள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பனி நன்றாகவே இறங்கிவிட்டது. இன்று காலை ஐந்தரை மணிக்கு வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மாவை, ஆள் தெரியாமல் ஒரு பைக் உரசிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் கோலப்பொடி டப்பா நசுங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கோலம் போடும்போது வாசல் விளக்கு எரியட்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் ஹை பீம் போடாதீர்கள். வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். காவிரிக் கரை ரோட்டில் இன்னும் மெதுவாகப் போங்கள்.

அப்புறம், தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் வெந்நீரில் வையுங்கள். பால் போடும் தம்பிக்கு யாரிடமாவது பழைய ஸ்வெட்டர் இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.