மேடையில் மாவு உருட்டாதே, கயல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

போட்டோ பார்த்தோம். சமையல் மேடை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, அம்மா பக்கத்து வீடு வரைக்கும் காட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் எபாக்சி, அதுதான் இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றி இறுகவிடும் அந்தப் பூச்சு, ஊற்றி மூன்று நாள்தான் ஆகிறது என்கிறாய், படத்தின் ஓரத்தில் அதன் மேலேயே சப்பாத்தி மாவு உருண்டை கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டப்பாவில் 'ஃபுட் சேஃப்', அதாவது உணவு பட்டாலும் ஆபத்தில்லை என்று போட்டிருக்கிறது என்றாயே, அது சரியாகக் கலந்து முழுசாக இறுகிய பூச்சுக்குத்தான் பொருந்தும். பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் ஒன்றையொன்று தின்று தீர்க்க வேண்டும். ஒன்று கூடிப்போனால் மிச்சம் உள்ளேயே தங்கி, எண்ணெயோ புளியோ பட்டால் கசியும். கையில் ஒட்டாத பதம் ஒரு நாளில் வந்துவிடும். முழுசாக இறுக ஒரு வாரம், சில சரக்குக்கு ஒரு மாதம். உங்கள் ஜெர்மனிக் குளிரில் இன்னும் இழுக்கும்.

20 வருஷம் கம்பெனித் தரைகளுக்கு இதைப் போட்டவன் நான். அம்பத்தூரில் ஒருமுறை தராசு கொண்டுபோகாமல் கண்ணளவில் கலந்துவிட்டேன். மறுநாள் செருப்பு ஒட்டியது, பத்து நாள் கழித்தும் ஒட்டியது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தோம், செலவு என் தலையில். நம்மூர் மே மாதத்தில் வேறு கூத்து: கலந்த வாளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் தானே சூடேறிப் புகைந்து கல்லாகியிருக்கும்.

நீ எடை போட்டுக் கலந்தாயா, கப்பில் அளந்தாயா? இரண்டுக்கும் விகிதம் வேறு. ஒரு வாரம் போகட்டும், நகத்தால் அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் இன்னும் வேகவில்லை. மேலே மெழுகு தடவினது போல வழவழப்பு தெரிந்தால் பயப்படாதே. குளிரிலும் ஈரத்திலும் ஹார்டனர் மேலே வந்து படிவதுதான் அது, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கையுறை கட்டாயம். என் மணிக்கட்டு அரிப்பு உனக்குத் தெரியுமே, வெறுங்கையோடு வேலை பார்த்ததில் வந்தது.

அப்புறம், மாப்பிள்ளை கேட்ட பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம். பெரும்பாலான எபாக்சிக்கு மூலப்பொருளே அதுதான். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு நாளைக்கு உடம்பில் சேரலாம் என்ற அளவை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் அதற்குத் தடையே போட்டுவிட்டது. அந்தத் தடைக்குள் வரும் பொருட்களில் டின் உணவு டப்பாக்களின் உள்பூச்சு முக்கியமான ஒன்று. தக்காளி டின்னுக்குள் ஒரு வருஷம் ஊறுவதும் மாவு உன் மேடையில் பத்து நிமிஷம் கிடப்பதும் ஒன்றாகாது, சரி. இருந்தாலும் பலகை இருக்கும்போது மேடை எதற்கு?

வாணலியை இறக்கி அப்படியே வைத்துவிடாதே. சாதாரண எபாக்சி 60 டிகிரி வாக்கிலேயே இளகும், வட்டமாகத் தடம் விழும். கத்தியும் வேண்டாம், கீறலில் மஞ்சள் ஏறினால் போகாது.

எபாக்சியில் கலந்த அந்த நீல மினுமினுப்புப் பொடி அதே கம்பெனியுடையதா? தனியாக வாங்கியது என்றால் டப்பா வாசகம் அதற்குச் செல்லாது. கம்பெனி தரும் விவரத்தாளை, டேட்டா ஷீட்டை, போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா பார்சலில் சப்பாத்திப் பலகையும் இரண்டு பிரிமணையும் வைத்திருக்கிறாள். பருப்புப் பொடிக்கு அடியில் இருக்கும், தேடிப் பார்.

அன்புடன்,
அப்பா