கொழுந்தா, அடியிலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மக்காச்சோளத்தில் ஊடுபயிராக விதைத்த உளுந்து மஞ்சளானால் நுண்ணூட்டக் கரைசல் தெளிக்கலாம் என்று தங்கள் வேளாண் பக்கத்தில் படித்தேன். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து மருந்துக் கடைகளிலும் இதே வைத்தியம்தான். காசைக் கரைப்பதற்கு முன், எந்த இலை மஞ்சளாகிறது என்று குனிந்து பார்க்க வேண்டாமா?

இரும்புச் சத்து குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய் என்றாலும் இளம் இலைகளில் திட்டுத் திட்டாகத் தெரியும். இந்தப் புரட்டாசியில் என் தம்பி வயலில் நான் பார்த்த செடிகளில் கொழுந்துக்கு ஒரு குறையும் இல்லை. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, உள்நோக்கிக் கருகிக்கொண்டிருந்தன. விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளித்த நிலம் அது.

வேர் வழியே ஏறும் அட்ரசின், பசுங்கணிகத்துக்குள் டி1 என்ற புரதத்தில், ஒளிச்சேர்க்கையின்போது எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோகுவினோன் வந்து அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் அதற்குமேல் நகராது. ஆனால் பச்சையம் வெயிலை வாங்குவதை நிறுத்துவதில்லை. போக்கிடம் இல்லாத அந்த ஆற்றல் ஆக்சிஜன் மீது பாய்ந்து அதை வீரியமாக்க, அது இலையின் சவ்வுகளையே சிதைத்துவிடுகிறது. செடி உணவின்றி வாடுவதற்கு முன்பே வெயிலில் வெந்துபோகிறது. வெயில் ஏற ஏறக் கருகலும் வேகமாகும். இதற்கு நுண்ணூட்டம் என்ன செய்யும்?

மக்காச்சோளம் தப்பிப்பதற்குக் காரணம், அதிலுள்ள நொதி அட்ரசினைக் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடு பிணைத்து முடக்கிவிடுவதுதான். உளுந்துக்கு அந்தத் திறன் போதாது. பயறு ஊடுபயிரானால் அட்ரசின் கூடாது என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது. உளுந்துக்குச் சொல்லப்படும் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி ஒளிச்சேர்க்கையின் பக்கமே போகாது; முளைக்கும் களையின் செல் பிரிவதைத் தடுக்கும்.

இதெல்லாம் தெரியாமல் விவசாயி அட்ரசினை வாங்கிப்போகிறார் என்றால் குறை அவருடையதல்ல. பொட்டலத்தில் வரும் துண்டுப் பிரசுரத்தின் எழுத்து எறும்பை விடச் சிறியது. எழுபது வயதுக் கண்ணுக்கு அது வெறும் கோடு. "ஊடே என்ன விதைத்திருக்கிறீர்கள்?" என்று விற்பவர் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தாங்களும் கொழுந்து வெளுத்த செடி, அடியிலை கருகிய செடி இரண்டையும் வண்ணப் படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். அடுத்த பட்டத்துக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பெரம்பலூர் மாவட்டம்.