லா கார்டியா உரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வாசகர் வட்ட நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. அதில் பெரும்பங்கு பிறருக்குச் சேர வேண்டியது.

முதலில் நூலகர் அம்மாவுக்கு. ரொட்டி திருடிய கிழவிக்கு லா கார்டியா அபராதம் விதித்து, அதைத் தானே கட்டிவிட்டு, நீதிமன்றத்தில் இருந்த அத்தனை பேரிடமும் 50 சென்ட் வசூலித்தார் என்று வாட்ஸப்பில் சுற்றும் கதையோடுதான் தொடங்குவதாக இருந்தேன். "ஆதாரம் எங்கே?" என்று அம்மா கேட்டார், அவ்வளவுதான். மூன்று வாரம் தேடினேன். மேயர் அந்நாளில் நீதிமன்ற நடுவராக அமரலாம் என்பது உண்மை, கிழவிதான் அகப்படவில்லை. மனமில்லாமல் வெட்டினேன். அரங்கில் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள் என்று நம்பியிருந்த இடம் அது!

அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஐயா. 1934 ஜனவரி 1 அன்று லா கார்டியா பதவியேற்றபோது நகரத்தின் கஜானா காலி என்பதோடு என் அறிவு நின்றிருந்தது. ஐயா நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறம் பென்சிலால் கோடு போட்டு வரவு செலவு எழுதிக் காட்டினார். கணக்கை நேர்செய்யாமல் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசின் பணம் வராது; ஆகவே லா கார்டியா முதலில் நகர ஊழியர் சம்பளத்தில் கைவைத்தார். வேலையற்றோர் நிவாரணத்துக்காக அதே ஆண்டில் 2 சதவீத விற்பனை வரி போட்டார். இவர் குடியரசுக் கட்சி, அதிபர் ரூஸ்வெல்ட் ஜனநாயகக் கட்சி. ஆனாலும் கூட்டாட்சி அரசின் பணத்தை இவரைப் போல் அள்ளி வந்த மேயர் இல்லை. 1936-இல் திறந்த டிரைபரோ பாலம் ஒரு சான்று. மக்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் சம்பளத்தை வெட்டி, வரியும் போட்டவர் என்பது எனக்குப் புதிய செய்தி. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஐயா.

என் அக்காள் மகனுக்கும் நன்றி. 1945 ஜூலையில் நாளிதழ் விநியோகிப்போர் வேலைநிறுத்தம் செய்தபோது, மேயர் வானொலியில் குழந்தைகளுக்குச் சித்திரக்கதை படித்துக் காட்டிய ஒலிப்பதிவைத் தேடித் தந்தவன் அவன். சிங்கக் குரலை எதிர்பார்த்துக் காதில் மாட்டினேன். கீச்சென்று ஏறி இறங்கும் குரல்! துப்பறியும் கதையின் விறுவிறுப்பில் மேயர் தன்னையே மறந்துவிடுகிறார். மூன்று முறை கேட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து, "1935-இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் கலவரம் நடந்ததே, அந்த விசாரணை அறிக்கையை அவர் வெளியிட்டாரா?" என்று கேட்ட சகோதரிக்கு அன்று, "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பார்த்துவிட்டேன். கறுப்பின மக்கள் பட்ட வேலை மறுப்பையும் போலீஸ் கெடுபிடியையும் அந்த அறிக்கை சொன்னது. அவரே அமைத்த குழு எழுதியதுதான். அவர் வெளியிடவில்லை, அம்மா. 1936-இல் ஹார்லெமின் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் பத்திரிகை அதை அச்சிட்டது.